பழைய லேப்டாப்பில் பைத்தான்: முடியுமா, முடியாதா?

கேள்வி, 2 நவம்பர் 2025

அண்ணா, நான் பி.காம் முதலாண்டு. எங்கள் அண்ணன் பன்னிரண்டாவது படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது, ஒயரைச் சொருகினால்தான் ஓடும். பைத்தான் நிரல்மொழி படிக்க ஆசை. இறக்கி வைத்து இன்ஸ்டால் கொடுத்தால் ஏறவே மாட்டேன் என்கிறது. கடையில் காட்டினேன், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்கிறார்கள். அப்பாவிடம் அவ்வளவு பணம் கேட்க மனம் வரவில்லை. இதில் முடியுமா, முடியாதா?

2 நவம்பர், இரவு

முடியும். இன்று இரவே முடியும்.

பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது, அதனால்தான் ஏறவில்லை. உங்கள் லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் 7-க்குக் கடைசி வரிசை 3.8. ஆனால் அதைத் தனியாகத் தேட வேண்டாம். தான்னி என்று ஒரு எடிட்டர் (நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) இருக்கிறது, எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே செய்தது. அதன் தளத்தில் பைத்தான் 3.8 உள்ளேயே வைத்த 32-பிட் இன்ஸ்டாலர் ஒன்று உண்டு, விண்டோஸ் 7-க்கும் பொருந்தும். லேப்டாப்பில் இருக்கும் பழைய பிரவுசரில் தளம் திறக்காவிட்டால் போனில் இறக்கி, கேபிள் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

திறந்ததும் மேல் பெட்டியில் உங்கள் பெயரைக் காட்டச் சொல்லி ஒரு வரி பிரின்ட் எழுதுங்கள், சேமியுங்கள், எஃப்5 அழுத்துங்கள். கீழே உங்கள் பெயர் வந்துவிட்டால் இன்றைக்கு அது போதும்.

3 நவம்பர், காலை

ஏன் "இன்று இரவே" என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் எழுதத் தெரியாமல் நின்றுபோன பிள்ளை என்று யாரையும் எனக்கு நினைவில்லை. நின்றவர்கள் எல்லோரும் அதற்கு முன்னாலேயே நின்றவர்கள். யூடியூபில் ஒருவர் விஎஸ் கோடு என்ற பெரிய எடிட்டரைப் போடச் சொல்வார், இன்னொருவர் அனகோண்டா என்ற பெரிய பைத்தான் தொகுப்பு என்பார், மூன்றாமவர் எடிட்டரில் சேர்க்கப் பதினைந்து எக்ஸ்டென்ஷன் பட்டியல் தருவார். இறக்கவே ஒரு வாரம் போகும், டேட்டா தீரும், எங்கோ சிவப்பு எழுத்தில் பிழை வரும், பிள்ளை "எனக்கு இது வராது போல" என்று முடிவு கட்டிவிடும். வராதது நிரல் இல்லை, இன்ஸ்டால். இது தெரியாமல் எத்தனை பேர் விலகிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் என் முறை எப்போதும் இதுதான்: கையில் என்ன மெஷின் இருக்கிறதோ அதில் முதல் நாளே ஒரு வரி ஓட வேண்டும். அழகு, வேகம், புதுப் பதிப்பு எல்லாம் அப்புறம்.

விஎஸ் கோடு கெட்டது என்று சொல்லவில்லை, வேலைக்குப் போனால் அதைத்தான் திறப்பீர்கள். ஆனால் 2 ஜிபி ரேமில் அதையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தால் மெஷின் திணறும், அதோடு அது கேட்கிற கேள்விகள் (எந்த இன்டர்பிரெட்டர், எந்த ஃபோல்டர், நம்பலாமா) முதல் வாரத்தில் யாருக்கும் புரியாது. தான்னியில் இன்னொரு நன்மை: டிபக் (பிழை தேடும்) பட்டனை அழுத்தினால் நிரல் ஒவ்வொரு அடியாக நகர்வது மஞ்சள் பட்டையாகவும், வேரியபிள்களின் (மதிப்பைப் பெயர் வைத்துச் சேமிக்கும் இடங்கள்) மதிப்பு மாறுவது பக்கத்திலும் தெரியும். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றால் என்ன என்று நான் வாயால் விளக்கியதைவிட அந்த மஞ்சள் பட்டை நகர்வதைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் அதிகம்.

3 நவம்பர், மாலை

ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. "32-பிட் சிஸ்டம் என்று காட்டுகிறது, அப்போ லினக்ஸ் போட முடியாதா" என்று கேட்டதற்கு (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்):

அது விண்டோஸின் பிட், பிராசஸரின் பிட் இல்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்டில் மட்டும்தான் வந்தது, 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. உள்ளே இருக்கும் பிராசஸர் பெரும்பாலும் 64-பிட் தாங்கும். கன்ட்ரோல் பேனலில் பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய் விவரங்களைத் திறந்தால் "64-பிட் கேப்பபிள்" என்று ஒரு வரி, எதிரே யெஸ் அல்லது நோ. அதைப் பார்த்துச் சொல்லுங்கள். நோ என்றால் வழி குறுகும், ஏனென்றால் லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட் 20 முதல் 64-பிட் மட்டும், டெபியன் என்ற இன்னொரு வகையும் 13-இலிருந்து 32-பிட்டுக்கு இன்ஸ்டாலர் தருவதில்லை.

4 நவம்பர்

யெஸ். நல்லது.

முதல் குறிப்பில் விண்டோஸ் 7-உம் 3.8-உம் போதும் என்ற மாதிரி எழுதியிருந்தேன். முதல் இரவுக்குப் போதும். ஒரு மாதத்துக்குப் போதாது. காரணம் பிழைச் செய்தி. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் 3.8 அடுத்த வரியைக் காட்டி "இன்வேலிட் சின்டாக்ஸ்" என்று நிறுத்திவிடும், நீங்கள் அந்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதில் ஒரு தப்பும் இருக்காது. 3.10-இலிருந்து "இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை" என்று திறந்த இடத்தையே சுட்டிக் காட்டுகிறது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கிறவருக்கு இது பெரிய உதவி. அதோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14 ஜனவரி 2020-உடன் நின்றுவிட்டன, அதில் பேங்க் வேலை எதுவும் செய்யாதீர்கள்.

லேப்டாப்பை ஆன் செய்யும்போது இரண்டு பெயர் வருகிறதே, ஒன்று பாஸ் லினக்ஸ், அதையே பயன்படுத்தலாமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்த லினக்ஸ் அது, டெபியனை அடியாகக் கொண்டது. ஆனால் அந்தக் காலத்து லேப்டாப்பில் இருப்பது அந்தக் காலத்துப் பதிப்பு, பைத்தான் என்று அடித்தால் 2 வரிசை திறக்கும். அதற்கு ஆதரவு 2020 தொடக்கத்திலேயே முடிந்தது. இப்போதைய பாடம் எதைப் பார்த்து அடித்தாலும் பிரின்ட்டிலிருந்தே இடிக்கும். வேண்டாம்.

5 நவம்பர், இரவு

லினக்ஸ் மின்ட் போடுவது பற்றி. நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பழைய லேப்டாப்பில் இதைச் செய்யும்போது எது எது காலை வாரும் என்று எந்த வீடியோவும் சொல்வதில்லை.

முதலில் ஹார்ட் டிஸ்க். கொஞ்சம் பணம் செலவழிக்க முடியும் என்றால் வேறு எதிலும் போடாமல் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்குங்கள், 240 ஜிபியே போதும். பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் சுழலும் டிஸ்க். அண்ணனின் படங்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் இருக்கும் பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம். எதுவும் அழியாது, எதுவும் தப்பாகப் போனால் திரும்ப மாட்டினால் பழையபடி ஓடும். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய டிஸ்க்கிலேயே போடுவதானால் படங்களை முதலில் வேறு இடத்தில் நகல் எடுங்கள். "எடுத்தாச்சு" என்று நினைப்பதற்கு முன் அந்த நகலை வேறொரு மெஷினில் திறந்தும் பாருங்கள்.

விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போடும் வழி உண்டு, ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். பேட்டரி இல்லாத லேப்டாப். பார்ட்டிஷனை (டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை) சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டும் போகும். மின்வெட்டு அறிவிப்பு இருக்கும் நாளில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

இறக்க வேண்டியது மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, இருப்பதில் இலகுவானது அது. குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 இருந்தால் நிம்மதி. கோப்பு 3 ஜிபிக்குக் கிட்ட வரும். அதைப் பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள். புது ரூஃபஸ் விண்டோஸ் 7-இல் திறக்காது, 3.22 தான் அதற்குக் கடைசி. பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவிலிருந்து பூட் ஆனதும் உடனே இன்ஸ்டாலை அழுத்தாதீர்கள். அப்படியே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள்: சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, வைஃபை தெரிகிறதா. சில பழைய வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் தனியாக வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றும். அதற்கு வழி சுலபம்: போனைக் கேபிளில் சொருகி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிர்வது) போடுங்கள், லினக்ஸ் அதை உடனே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதுதான் பலரை அழவைத்தது. பல வருடம் சும்மா கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போயிருக்கும். அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை, மென்பொருள் இறக்கப் போனால் "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வரும். நெட் கெட்டுவிட்டது, லினக்ஸ் கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள். தேதியைச் சரிசெய்தால் அத்தனையும் சரியாகிவிடும்.

6 நவம்பர்

மேலே விட்டது: ரேம். அந்தக் காலத்து லேப்டாப்புக்கு டிடிஆர்3 வேண்டும், டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரேமைக் கடைக்கே எடுத்துப்போய்க் காட்டி, "இதே மாதிரி 4 ஜிபி" என்று கேளுங்கள். பழையது கிடைத்தாலும் பரவாயில்லை.

9 நவம்பர்

மின்ட் ஏறிவிட்டது. உள்ளேயே பைத்தான் 3.12 இருக்கும், தனியாக எதுவும் போட வேண்டாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் தான்னி என்று தேடி இன்ஸ்டால் அழுத்தினால் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரை) பிப் வைத்து, அதாவது பைத்தானுக்குக் கூடுதல் தொகுப்புகளை இறக்கும் கருவியை வைத்து, எதையாவது போடப் போனால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று பெரிய பிழை வரும். மெஷின் தன் சொந்த வேலைகளுக்கு அந்தப் பைத்தானையே நம்பியிருக்கிறது, அதில் கைவைக்காதே என்கிறது. நெட்டில் தேடினால் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தாண்டிவிடு என்பார்கள், அந்தச் சொல்லையே ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சரியான வழி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது உங்கள் வேலைக்கென்று தனியாக ஒரு பைத்தான் ஃபோல்டர். ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குப் பைத்தானோடு வருவதே தாராளம், பிப் பக்கமே போக வேண்டியதில்லை.

11 நவம்பர், இரவு

டர்ட்டில் (திரையில் ஆமை நகர்ந்து கோடு போடும், பைத்தானோடு வரும் தொகுப்பு) வைத்துச் சதுரம் வரையப் போனால் "டர்ட்டிலில் ஃபார்வர்ட் என்று ஒன்று இல்லை" என்று வருகிறது, நேற்று வந்த ஆமை இன்று எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? டர்ட்டில்.பை என்று வைத்திருப்பீர்கள். பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரைத்தான் பார்க்கும், அங்கே அதே பெயரில் உங்கள் கோப்பு இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டுவிட்டது. பெயரை மாற்றுங்கள். ரேண்டம் என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

இத்தனை வருடத்தில் பார்த்ததில், மெஷின் தொடர்பான தொல்லைகள் ஏறக்குறைய எல்லாமே மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகின்றன. எந்தக் கோப்பு ஓடுகிறது? எந்தப் பைத்தான் ஓட்டுகிறது? எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறது? நோட்பேடில் எழுதினால் கோப்பு .பை.டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கும், விண்டோஸ் பின்பாதியை மறைத்துவிடும், முதல் கேள்வி. விண்டோஸில் பைத்தான் போடும்போது கீழே இருக்கும் "பாத்தில் சேர்" என்ற கட்டத்தில் டிக் போடாமல் விட்டால் டெர்மினலில் பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும், இரண்டாவது கேள்வி. படிக்க வேண்டிய கோப்பு கண்ணெதிரே இருந்தும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்தால் மூன்றாவது. பிழை வந்ததும் கடைசி வரியை முதலில் படியுங்கள், பிறகு இந்த மூன்றையும் கேளுங்கள். சாட்பாட்டிடம் கேட்டாலும் அது இந்த மூன்றையும் தெரியாமல்தான் பதில் சொல்லும், அதனால் அதற்கும் இவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

13 நவம்பர்

"என் பையன் பதினொன்றாம் வகுப்பு, சி++ தான் பாடம், அவனுக்கும் தான்னியா?" என்று ஒரு அப்பா.

இல்லை சார். தமிழ்நாட்டுப் பாடத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். விண்டோஸ் என்றால் புத்தகத்திலேயே சொல்லியிருக்கும் டெவ் சி++ போதும். லினக்ஸ் என்றால் ஜி++ கம்பைலரும் (எழுதிய நிரலை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) கீனி என்ற எடிட்டரும், இரண்டும் இலகுவானவை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், டர்போ சி++ வைத்துத் தொடங்க வேண்டாம். அந்த நீலத் திரை சி++ மொழிக்கே 1998-இல் தரநிலை வருவதற்கு முந்தியது. அதில் எழுதிப் பழகியது இன்றைய கம்பைலரில் முதல் வரியிலேயே பிழை தரும். சில கல்லூரி லேப்களில் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் அந்தத் தேர்வுக்கு மட்டும் டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய மெஷினில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளின் நேரத்தை இப்படிச் செலவழிப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

14 நவம்பர்

லேப்டாப்பே இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு: போனிலேயே பைத்தான் ஓட்டும் பைட்ராய்டு 3 செயலி போதும், கீபோர்டைக் கேபிளிலோ ப்ளூடூத்திலோ இணைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும், ஆனால் நெட் வேண்டும். டெர்மக்ஸ் (போனில் லினக்ஸ் டெர்மினல் தரும் செயலி) போடுவதானால் எஃப்-டிராய்டு என்ற இலவச செயலித் தளத்திலிருந்து போடுங்கள்.

16 நவம்பர், இரவு

தமிழில் எழுதலாமா என்று கேட்டதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்பதால்.

எழுதலாம். பைத்தான் 3-இல் வேரியபிளுக்கே வயது, கடன், மீதி என்று பெயர் வைக்கலாம், ஓடும். கீபோர்டுக்கு மின்ட்டிலேயே தமிழ்99 கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது, பழகிவிட்டால் விரல் தானாகப் போகும். தான்னியில் சில சமயம் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரியலாம். அது திரையின் குறை, கோப்பில் சரியாகத்தான் இருக்கும், கீனியில் திறந்து பாருங்கள்.

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை லென் (நீளத்தைச் சொல்லும் கட்டளை) போட்டுக் கேளுங்கள். 5 என்று வரும். நாம் எண்ணினால் மூன்றெழுத்து. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது அட்டவணை) த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டாக இருக்கிறது, பைத்தான் துண்டுகளை எண்ணுகிறது. அடுத்து பவளம், பழம் இரண்டையும் ஒரு பட்டியலில் போட்டு சார்ட் (வரிசைப்படுத்து) செய்யுங்கள். பழம் முன்னால் வரும். நம் அகரவரிசையில் வகரம் முதலில், ழகரம் பிறகு, ஆகவே பவளம்தான் முன்னால் வர வேண்டும். யூனிகோடு அட்டவணையில் ழ முன்னால் இருக்கிறது. அகராதி வரிசைப்படி அடுக்க நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. முத்தையா அண்ணாமலை எழில் என்று தமிழிலேயே எழுதும் நிரல்மொழி ஒன்றைச் செய்திருக்கிறார், அதையும் ஒருநாள் பாருங்கள்.

18 நவம்பர்

புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் கேட்டதால் சுருக்கமாக. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இந்த இரண்டும் போதும். கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. 64 ஜிபி இஎம்எம்சி (சிறிய, மெதுவான சேமிப்பு சிப்) என்று மலிவாக வருவதைத் தொடாதீர்கள், விண்டோஸ் அப்டேட்டிலேயே இடம் நிறைந்துவிடும். கம்பெனிகள் பயன்படுத்தி விட்ட பழைய திங்க்பேட், லாட்டிட்யூட் வகை லேப்டாப்புகள் நன்றாக உழைக்கும், சென்னை ரிட்சி தெருவில் நிறையக் கிடைக்கும். அதில் விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதால் அதற்குக் கீழே உள்ளவற்றை மலிவாகத் தள்ளுவார்கள். லினக்ஸ் போடுவதாக இருந்தால் உங்களுக்கு அது லாபம்.

23 நவம்பர்

அப்பா கடையின் பற்று நோட்டை நிரலாக எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்ததும் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பெயர் கேட்கிறது, தொகை கேட்கிறது, கூட்டிச் சொல்கிறது. "500" என்று அடித்ததை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் டைப் எரர் வரும் என்பதை நீங்களாகவே கண்டுபிடித்து இன்ட் (எழுத்தை முழு எண்ணாக மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறீர்கள். இதற்காகத்தான் இத்தனையும்.

இரண்டு திருத்தம். கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் (எழுத்துக்குறியீடு) யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சேருங்கள். மின்ட்டில் அது இல்லாமலே ஓடும். கடையில் இருக்கும் விண்டோஸ் மெஷினில் அதே நிரல் "முருகேசன்" என்ற பெயரை எழுதப் போய் சார்மேப் பிழை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் அங்கே பைத்தான் எடுத்துக்கொள்ளும் பழைய எழுத்துக்குறியீட்டில் தமிழே கிடையாது. எக்செலில் திறக்கப் போகிற சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், அப்போதுதான் பெயர்கள் புரியாத கிறுக்கலாக மாறாமல் தமிழாகவே வரும்.

அடுத்து, பணம் திருப்பித் தருகிறவர்களுக்குக் கழிக்கும் பகுதியை எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று அப்பாவிடமே கேளுங்கள், நோட்டில் அவர் அதற்கு ஒரு வழி வைத்திருப்பார்.

23 நவம்பர், சற்று பிறகு

இன்னும் கொஞ்ச நாள் பேப்பர் நோட்டிலும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பற்றுக் கோப்பைத் தினமும் கடை மூடும்போது பென்டிரைவில் ஒரு நகல், பெயரோடு அன்றைய தேதியைச் சேர்த்து. அந்தத் தேதியைப் பைத்தானே போடும், டேட்டைம் மாட்யூலைப் பாருங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள்.